தெரியாது என்று சொன்னவள்

தொண்ணூறுகளின் நடுவில், பினாங்கில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவம் முடிந்ததும் என் தோழிகள் கோலாலம்பூருக்கும் இந்தியாவுக்கும் படிக்கப் போய்விட்டார்கள். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் நான் மட்டும் தங்கிவிட்டேன்.

டிவியில் செய்தி தொடங்குவதற்கு முன் எழுத்துகள் சுழன்று வந்து நிற்குமே, அந்த மாதிரி வேலை செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு எதைப் படிப்பது என்று தெரியவில்லை. அப்பா தன் ஆபீஸில் விசாரித்து வந்தார். அதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்களாம், கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தால் வேலைக்கும் பஞ்சமில்லை என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன்.

வகுப்பில் கறுப்புத் திரையும் அதில் வரிவரியாக ஓடும் கட்டளைகளும்தான் இருந்தன. சித்திரம் எப்போது வரும் என்று முதல் மாதம் முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. கணக்கில் நான் மோசமில்லை, பாஸ் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். மற்றவர்கள் ஹொக்கியன் சீனத்தில் பேசிச் சிரிப்பார்கள், எனக்குப் புரியாது. யாரும் என்னை ஒதுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. மதியச் சாப்பாட்டை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சில நாள், காலையில் பஸ் கண்டக்டரிடம் பேசியதற்குப் பிறகு சாயங்காலம் அப்பாவிடம்தான் அடுத்த வார்த்தை பேசியிருப்பேன். அப்பா கேட்டால், நல்லாப் போகுது என்பேன்.

அந்தப் படியின் மேல்தளத்தில் கலைப் பிரிவின் அறை. கதவில் கண்ணாடி பதித்திருக்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உள்ளே பெரிய திரைக்கு முன்னால் ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும், ஓர் எழுத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் தேடி வந்தது கீழ்த்தளத்தில் இல்லை, இங்கே இருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதன்பின் தினமும் போய் நின்றேன். ஒருநாள் அவளே கதவைத் திறந்து, நின்று பார்க்கிறதுக்கு உட்கார்ந்து பார்க்கலாமே என்று மலாயில் சொன்னாள்.

அவள் அக்கரையில் உள்ள கெப்பாலா பத்தாஸிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வருகிறவள். எல்லாரும் அவளை 'மெய்' என்றுதான் கூப்பிட்டார்கள். முழுப்பெயரை நான் கேட்டதே இல்லை. மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து பேசிக்கொள்வோம். அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் தன் இடத்தை எனக்குத் தருவாள். நான் வரைந்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, நீ மரத்தைப் பார்க்காமலே வரைஞ்சிருக்கே என்றாள். என் முகம் சுருங்கிப்போனது. ஆனால் ஓரத்தில் விளையாட்டாக நான் எழுதியிருந்த தமிழ் எழுத்துகளை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இது நல்லா நிக்குது என்றாள்.

பிரிவை மாற்றிக்கொள்ள முடிவு செய்தேன். முதல் பருவத்திலிருந்து மறுபடி தொடங்கவேண்டும், அப்பாவை அழைத்து வா என்றார் கலைப் பிரிவின் தலைவர். அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அரைநாள் லீவு போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு என்னுடன் வந்தார்.

தலைவர் வரும்வரை அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். மெய் வேலை செய்வதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று.

ஆமாம் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "தெரியாது, அங்கிள். எனக்கு முன்னாடி படிச்ச ஒருத்தருக்கு விளம்பரக் கம்பெனியில கிடைச்சது. இன்னொருத்தர் இப்ப கார் விக்கிறார். எங்கப்பாவும் தினம் இதையேதான் கேக்கிறார்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா தலைவரிடம் போனார், கேட்டார், தலையாட்டினார், ஒன்றும் முடிவு சொல்லாமல் எழுந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கொம்தார் கட்டடத்தைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஆபீஸ்ல நான் கேட்டவங்க எல்லாரும் கண்டிப்பா கிடைக்கும்னு சொன்னாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல லா. அந்தப் பிள்ளை தெரியாதுன்னு சொல்லிச்சு பாரு, அவ பேச்சை நம்பலாம். நீ அங்கேயே படிம்மா."

அடுத்த பருவம் தொடங்கிய நாளில் ஓடிப்போய் அந்த அறைக் கதவைத் திறந்தேன். மெய்யின் இடம் காலியாக இருந்தது. அவள் அப்பா படிப்பை நிறுத்தி, ஊரில் தங்கள் இரும்புச் சாமான் கடையில் உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய இடத்தையே எனக்குக் கொடுத்தார்கள். அன்று முழுக்க அந்தத் திரையில் ஒரு கோடுகூட என்னால் போட முடியவில்லை.

கல்லூரி ஆபீஸில் அவள் முகவரியைத் தர மாட்டோம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை ஃபெர்ரியும் பஸ்ஸும் ஏறி கெப்பாலா பத்தாஸ் போனேன். இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மெய் என்று ஒரு பெண் இருக்கிறாளா என்று கேட்டேன். அந்தப் பெயரில் ஊரில் எத்தனையோ பேர். வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்பினேன். நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

படிப்பு முடிந்து ஒரு வருடம் வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு விளம்பரக் கம்பெனியில் கிடைத்தது, இணையம் வந்ததும் வேலை பெருகியது, இன்றுவரை இந்தத் துறையில்தான் இருக்கிறேன். இப்போது தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இதைப் படித்தால் எதிர்காலம் உண்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது எனக்கு எளிது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும், தன் இடமே பறிபோகப் போகிற நிலையிலும் எனக்காக ஒரு பொய் சொல்லாத அந்தப் பெண்ணின் நினைவு வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தது எவ்வளவோ, அவ்வளவை மட்டும் சொல்கிறேன்.