நின்றபடி புடவை விற்பவர்

விடிவதற்கு முன்பே தர்மசந்திரன் குப்புறப் படுத்திருக்கிறார். தூக்கத்தில் அல்ல, தூங்கி எழுந்த பிறகு அவர் செய்கிற முதல் வேலை இதுதான். வெறும் கோரைப்பாயில் வயிறு படியக் கிடந்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் மெல்ல உயர்த்துகிறார். சற்று நேரம் அப்படியே இருந்து, மூச்சை விட்டு இறங்குகிறார். அடுப்படியிலிருந்து மனைவி மருதேவி, "இன்னிக்கு எதுவரிக்கும் வந்திருக்காரு?" என்று கேட்கிறாள்.

"முழங்காலோட நின்னுட்டாரு. நேத்து கெண்டைக்கால் வரிக்கும் போனாரே, அதுக்கு இது கம்மி."

வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பற்றிப் பேசுவதுபோல் இருவரும் மரியாதை குறையாமல் பேசுவது வலியைப் பற்றி. இடுப்பில் கிளம்பி, பிட்டத்தைக் குடைந்து, வலது கால் வழியாகச் சுண்டி இழுத்துக்கொண்டு இறங்கும் நரம்பு வலி. டாக்டர் அதற்குச் சயாட்டிகா என்று பெயர் சொன்னார். அந்தப் பெயர் தர்மசந்திரனுக்கு வாயில் நுழையவில்லை. "அந்தாளு" என்று வைத்துக்கொண்டார். அந்தாளு கீழே இறங்கினால் கெட்ட நாள், மேலே ஏறி இடுப்போடு அடங்கினால் நல்ல நாள். அவர் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பது இப்படித்தான்.

மருதேவி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்ததும் நடக்கக் கிளம்புகிறார். செங்கம் சாலையைப் பிடித்து, மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் சமணர், ஊரே நைனார் என்று கூப்பிடுகிற மனிதர். நைனார் நாள் தவறாமல் மலை சுற்றக் கிளம்பிவிட்டார் என்று தெருவில் பலருக்குப் பரம சந்தோஷம். ஆனால் செருப்போடு சுற்றுகிறாரே என்று அதே பலருக்கு மனத்தாங்கல். பூக்கடை தங்கம்மாள் ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "சாமிக்கு இல்லம்மா, காலுக்கு நடக்கறேன்" என்றார். செருப்புக்கும் காரணம் இருந்தது. என்றைக்காவது பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தால் அன்றைக்கே வந்து நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார்.

மாத்திரை சாப்பிடாமல் இல்லை. முதலில் சாப்பிட்டுத்தான் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்றார் டாக்டர். நைனார் வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. சாயங்காலமே விழுங்கிப் படுத்தால் நடுராத்திரியில் மருந்து தீர்ந்து வலி மட்டும் விழித்துக்கொள்ளும். காலை மாத்திரை வேறு விதமாகக் காலை வாரியது. கடையில் நைலக்ஸ் புடவை ஒன்றை விரித்த கை விரித்தபடி இருக்க, வாடிக்கைக்காரரின் எதிரிலேயே தூங்கிவிட்டார். வயிற்று எரிச்சல் தனிக்கணக்கு. எல்லாவற்றையும் டாக்டரிடமே போய்ச் சொன்னார். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான், நரம்பு தன் போக்கில்தான் ஆறும் என்றார். நடக்கச் சொன்னார், குப்புறப் படுக்கச் சொன்னார், குனிந்து எதையும் தூக்காதே என்றார். கடைசியாக, சம்மணம் போட்டு உட்காருவதை விட்டுவிடு என்றார்.

அங்கேதான் தலையில் இடி விழுந்தது. தர்மசந்திரனின் பிழைப்பே சம்மணத்தில் இருந்தது. தேரடிப் பக்கம் பலராமன் ஜவுளிக்கடையில் வாலிபத்திலிருந்து அவர் விற்பனையாளர். கடை நீளத்துக்கு வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதில் விற்பவரும் உட்கார வேண்டும், வாங்குபவரும் உட்கார வேண்டும். "ஒக்கார வெச்சாத்தான் வியாபாரம்" என்பது முதலாளி பலராமனின் அப்பா காலத்துச் சட்டம். உட்கார்ந்தவர் கல்யாணப் புடவையோடு நாத்தனாருக்கும் ஒன்று எடுப்பார், நின்றவர் விலை கேட்டுவிட்டுப் போவார். முக்காலி போட்டுக்கொள்ளலாம் என்றால், மெத்தையில் இருப்பவர் முகத்துக்கு நேரே காலைத் தொங்கப்போட்டு வியாபாரம் செய்கிற ஊர் இது இல்லை.

தர்மசந்திரன் நின்றுகொண்டார். நின்றபடியே எடுத்துக் கொடுத்தார், நின்றபடியே விரித்தார். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலை மடக்கி இறங்கி ஏறினார். மதிய வேளையில் மற்றவர்கள் திண்டில் சாயும்போது அவர் பின்கட்டில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றினார். கூட வேலை செய்யும் ராஜேந்திரன் அவரை உடும்பு என்று கிண்டல் செய்தான். செய்யட்டும் என்று விட்டுவிட்டார். ஒருநாள்கூட முகத்தைச் சுளித்து வாடிக்கைக்காரரை வரவேற்றதில்லை. கெண்டைக்கால் சுண்டி இழுக்கும்போது சிரித்துக்கொண்டே கரையின் அழகை எடுத்துச் சொல்வதென்றால் லேசுப்பட்ட காரியமா? அந்த மனிதரின் நெஞ்சழுத்தத்தை மெச்சத்தான் வேண்டும்.

வலி அடங்கி வந்தது. வியாபாரமும் அடங்கி வந்தது. கிராமத்திலிருந்து வரும் குடும்பங்கள் தலை நரைத்த ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் தாங்களும் எழுந்து நின்றுவிடும். பெரியவர் நிற்கும்போது உட்காருவது எப்படி? எத்தனை சொன்னாலும் கேட்காமல் நின்றபடி இரண்டு புடவை பார்த்து, அவருக்குத் தொந்தரவு தருகிறோமே என்று கூச்சப்பட்டு, அப்புறம் வருகிறோம் என்று போய்விடும். மரியாதையே அவர் வயிற்றில் அடித்தது. பலராமன் கெட்டவர் அல்லர், ஆனால் கடை நடத்துகிறவர். தை முகூர்த்தம் வரைக்கும் பார்ப்பேன், உட்கார முடியாவிட்டால் கிடங்குக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். கிடங்கு என்றால் நாள் முழுக்கக் குனிந்து மூட்டை புரட்டுவது. அந்த இடுப்பு அதைத் தாங்காது என்பது தர்மசந்திரனுக்கும் தெரியும், மருதேவிக்கும் தெரியும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சம்மணம் கட்டுவதா, வேலையை விடுவதா என்று அவர் மனதில் மாறி மாறி ஓடியது.

தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு முன் அடி அண்ணாமலையிலிருந்து சடையன் குடும்பம் வந்தது. சடையன், மனைவி ஜோதியம்மாள், மணப்பெண் வேதா, பின்னால் அத்தை சித்தி என்று ஒரு பெரிய பட்டாளம். கூறைப்புடவையிலிருந்து சீர்த்துணிவரை எல்லாம் எடுக்க வேண்டும். மெத்தையில் வந்து உட்கார்ந்தவர்கள் தர்மசந்திரன் நிற்பதைக் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"நீங்க ஒக்காருங்க" என்றார் அவர்.

"நீங்க நின்னுனு இருக்கறீங்க, நாங்க இன்னான்னு ஒக்கார்றது நைனாரே?" என்றார் சடையன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பலராமன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தர்மசந்திரன் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இந்த ஒரு தடவை உட்கார்ந்துவிடலாம் என்று இடுப்பை இறக்கினார். பாதி இறங்கும் முன்பே அந்தாளு குதிகால்வரை பாய்ந்து வந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சடையன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் பட்டாளம் செருப்பைத் தேடும்.

கைக்கு எட்டியது ஓர் அரக்குச் சிவப்பு ஆரணிப் பட்டு. மடிப்பை உதறினார். என்ன தோன்றியதோ, வேட்டிக்கு மேல் அதைச் சுற்றி, கொசுவம் பிடித்து இடுப்பில் செருகி, முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். தலை நரைத்த மனிதர், நெற்றியில் சந்தனப் பொட்டு, உடம்பில் கூறைப்புடவை. ராஜேந்திரன் வாயைப் பிளந்தான். அடுத்த வரிசையில் விலை பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். தர்மசந்திரனின் காது மடல்கள் சிவந்துபோயின. ஆனால் குரல் மட்டும் பழைய விற்பனைக் குரலாகவே வந்தது.

"ஒக்காந்து பாருங்கம்மா. நின்னுனு பாத்தா கொசுவத்துல கரை விழற அழகு தெரியாது."

வேதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜோதியம்மாள் மகளை அதட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். அத்தைகள் உட்கார்ந்தார்கள், சித்திகள் உட்கார்ந்தார்கள். காட்டுகிற மனிதர் நிற்காமல் எப்படிக் காட்டுவார் என்று சடையனே மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கடைசியாகத் தாமும் அமர்ந்தார். ஒன்றை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டினார் தர்மசந்திரன். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மறுபடியும் அரக்கு. சித்திகளுக்குள் எது எடுப்பு என்று சண்டை மூண்டது. மெத்தையில் புடவைகள் குவிந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கும் இங்கேயே எடுத்துவிடலாம் என்றாள் ஜோதியம்மாள்.

வேதாவின் கண் மட்டும் அரக்கிலேயே இருந்தது. கூச்சம் தெளிந்து அவளே கேட்டாள்.

"முந்தி பின்னால எப்டி விழுது? கொஞ்சம் திரும்புங்களேன்."

வலது கால் அந்நேரம் நெருப்பாக இருந்தது. தர்மசந்திரன் இடது காலில் பாரத்தைப் போட்டு, முந்தானையைக் கையால் நீவி விட்டுக்கொண்டு, மெதுவாகத் திரும்பத் தொடங்கினார். நீட்டியிருந்த கால்களைப் பலராமன் மடக்கிக்கொண்டார். கல்லாப்பெட்டியையும் தன் பக்கம் இழுத்து, அவர் முழுவதுமாகச் சுற்றி வர இடம் விட்டார்.