காத்து பிரிஞ்சுச்சா?

குடல்வால் வெடித்து, சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். மூக்கில் செருகிய குழாய் வழியாகப் பச்சைப் பித்தநீர் ஒரு பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தாலே அந்த நாற்றம்தான். காற்றுப் பிரிந்தால்தான் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது.

தீபாவளி சீசன். தாயில்பட்டி பட்டாசு ஆலையில் வேலை முடிந்து திரும்புகிற வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுத்தான் ஊருக்குப் போகும். மாமனார் உட்பட புகுந்த வீட்டுச் சனம் மொத்தமும் வெடிமருந்து வாடையோடு கட்டிலைச் சுற்றி நிற்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

“காத்து பிரிஞ்சுச்சா தாயி?”

புதிதாக வாங்கிய செல்போனில் ஏழாயிரம்பண்ணைச் சொந்தக்காரர்களுக்கும் சேதி போகும்: “இன்னும் பிரியலையாம்லே.”

மாமனார் முன்னால் நாற்காலியில்கூட உட்காராத மருமகளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மாமியாருக்கு என்னைவிடக் கூச்சம். டியூட்டி டாக்டர் வந்து அதையே கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள், “அதெல்லாம் காலையிலயே ஆயிருச்சு சார்” என்று பேச்சை முடித்துவிட்டார். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் அந்தப் பேச்சு நீளக் கூடாதாம். இல்லை என்று நான் தலையாட்டியதை யாரும் பார்க்கவில்லை. குழாயை உருவிவிட்டு இளநீர் கொடுக்கச் சொன்னார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் அத்தனையும் பச்சையாக என் கழுத்திலும் போர்வையிலும் கொட்டியது. தையல் பிய்ந்துவிடும் போல வலி. திரும்பவும் மூக்கில் குழாய்.

மறுநாள் பெரிய டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “நாளைக் காலைக்குள்ள குடல் அசையலேன்னா மறுபடி திறந்துதான் பாக்கணும்” என்றார். இன்னொரு தடவை அந்த மேஜையில் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயந்து செத்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல வேன் வந்தது. எல்லோரும் சுற்றி நிற்கும்போதே வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. வார்டுக்கே கேட்கிற மாதிரி பிரிந்தது. அந்த நாற்றம் எனக்கே சகிக்கவில்லை. மாமனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் அவசரமாகக் கட்டிலைப் பிடித்து இழுத்தார்.

சிஸ்டர் எட்டிப் பார்த்து, “பிரிஞ்சுச்சாம்மா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, கட்டிலுதான் கிறீச்சுங்குது” என்றார் மாமியார்.

என் வயிற்றை இன்னொரு முறை கிழித்தாலும் சரி, இவருக்கு மானம் போகக் கூடாது. என் நாற்றத்தைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. தையலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு முதல்முறையாக மாமனார் எதிரில் கத்தினேன்.

“பிரிஞ்சிருச்சு சிஸ்டர்! நான்தான் விட்டேன்!”