பாய்லருக்கு நாடி பார்ப்பவர்

குக்கர் மூன்றாவது விசிலுக்குக் கொஞ்சம் தாமதித்தால் போதும், சோப்பு நுரை அப்பிய முகத்தோடு அடுக்களைக்குள் வந்து நிற்பார் தீனதயாளன். "கமலா, நவுரு. பருப்புத் தோலு அடைச்சிக்கினு இருக்கும்."

"அடைச்சா எனக்கு எடுக்கத் தெரியாதா? மில்லுக்காரன்கிட்ட காட்டுற அதிகாரத்த இங்க காட்டாதீங்க" என்பாள் அவர் மனைவி. அவள் கையில் கரண்டி இருப்பதால் ஓரடி பின்வாங்குவார். அதற்கு மேல் நகரமாட்டார். விசில் வந்த பிறகுதான் மிச்சக் கன்னத்துக்கு மழிப்பு.

அவர் பாய்லர் இன்ஸ்பெக்டர். நெல் அவிக்க ஆவி கொடுக்கும் கொதிகலனைச் சோதித்து, எரிக்கலாமா கூடாதா என்று எழுதித் தருகிற உத்தியோகம். உலகத்தில் இருக்கிற எதுவும் என்றைக்காவது வெடிக்கும் என்பது மனிதரின் நம்பிக்கை. பஸ்ஸில் டயருக்கு மேல் இருக்கும் சீட்டில் உட்காரமாட்டார். கோலி சோடா கேட்டுவிட்டு, கடைக்காரன் உடைத்து முடிக்கும்வரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார். மத்தாப்பு கொளுத்தினால் கை ஒரு திசை, முகம் ஒரு திசை.

எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது ஒரு வாரம் ரோடெல்லாம் மரம் வெட்டிக் கிடந்தது. லாரி வராமல், கள்ளக்குறிச்சியில் கண்ணாயிரத்தின் அரிசி ஆலையில் பாய்லர் அணைந்தது. அந்த வாரத்திலேயே அதன் சான்றிதழ் தேதியும் முடிந்துபோனது. வழி திறந்த இரண்டாம் நாள் இவர் கிளம்பினார். பாதியில் ஜீப் படுத்துக்கொண்டது. கடைசி ஆறு மைல் குடையைப் பிடித்தபடி நடந்தே வந்து சேர்ந்தார்.

வாசலில் நாற்பது பெண்கள். களத்தில் நெல் காயவைக்கிறவர்கள். ஆலை ஓடினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

"சீக்கிரம் கையெழுத்தப் போடு சார். உன் காயிதமா எங்க புள்ளைங்களுக்குச் சோறு போடப்போவுது?" என்றாள் செவ்வந்தி.

கண்ணாயிரம் இளநீரை நீட்டினார். "ரோடு தெறந்ததும் நெல்ல ஊறப் போட்டுட்டேன் சார், நாறிப்பூடும். நல்ல நேரம் பத்தரைக்கு முடியுது. சூடம்கூட ஏத்தியாச்சி."

தீனதயாளன் இளநீரை அப்படியே கீழே வைத்துவிட்டு, பாய்லர் ஏணியில் ஏறினார். இறங்கும்போது கையில் ஒரு ஐந்து கிலோ எடைக்கல். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை விடவேண்டிய வால்வை, அந்தக் கல்லைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அமுக்கி வைத்திருந்தார்கள்.

"இது இன்னாங்க?"

"சும்மா சும்மா தெறந்துக்கினு கத்துது சார். ஆவி வேற வீணாப் போவுது. ரெண்டு வருசமா இப்பிடித்தான், செக்கிங்குக்கு மட்டும் அவுத்து வெப்போம். ஒண்ணும் ஆவலையே!"

"ஆயிருந்தா உங்க கூரை ஓட்டக் கோமுகி ஆத்துலதான் பொறுக்கணும்."

செவ்வந்தி கல்லைப் பார்த்தாள். கதகதப்பாக இருக்கட்டும் என்று பாய்லர் சுவரோரம் தன் பிள்ளைக்குக் கட்டியிருந்த தூளியைப் பார்த்தாள். பிறகு அவள் பேசியதை அச்சில் போட முடியாது. கண்ணாயிரத்தின் மூன்று தலைமுறைக்குக் காணும்.

நல்ல நேரம் போனது. ராகு காலம் வந்து அதுவும் போனது. வால்வைக் கழற்றித் துரு தேய்த்து மாட்டி, தண்ணீர் ஏற்றி அழுத்திப் பார்த்து, உமி போட்டு எரியவிட்டார். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வால்வு தானே திறந்து, தெருவே அதிரக் கத்தியது. பெண்கள் ரோட்டுக்கு ஓடினார்கள், கண்ணாயிரம் அவர்களுக்கும் முன்னால். மூன்று மணிக்குக் கையெழுத்து விழுந்தது.

இப்போது ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

"நல்லாகீதுன்னு ரெண்டு வருசம் சொன்ன மொதலாளியும் ஆம்பளதான்" என்றாள் செவ்வந்தி. "நீ எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போய்டுவ. உள்ள நிக்கிறது நாங்கதான சார்?"

அது நியாயமாகத்தான் பட்டது தீனதயாளனுக்கு. தோளில் கிடந்த துண்டை உதறி, பாய்லருக்கு ஒட்டினாற்போல் தரையில் விரித்தார். சூடேறிய செங்கல்லில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். தலைக்கு மேல் முள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை, சோற்றில் கிடந்த மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.