பெத்ரோனிலா கொத்தச் சொன்ன முகம்

பெத்ரோனிலாவுக்கு எல்லோர் மேலும் பொறாமை. என் வீட்டு முற்றத்தில் விழுகிற வெயிலைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டவள் அவள். "உன் கொடியில மட்டும் துணி சீக்கிரம் காயுது" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரிசாபா ஊரில், நெசவாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவள் பெருமூச்சு விட்டாலும் எனக்குக் கேட்டுவிடும்.

அவளுக்கென்று இருந்தது புருஷன் எலிசியோ ஒருவன்தான். ஆலையில் தறி ஓட்டினான். இயந்திரத்து வார் அவன் இடது காது மடலில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வேலைநிறுத்த நாட்களில் சங்கத்து ஆட்கள் தொமாசாவின் சாப்பாட்டுக் கடையில்தான் கூடுவார்கள். எலிசியோவும் பொழுதுக்கும் அங்கேதான்.

"அவ கையில என்ன தேனா வடியுது?" என்று பெத்ரோனிலா கருவுவாள்.

ஆலை வாசலில் படைக்காரர்கள் சுட்டதில் எலிசியோ செத்துப்போனான். உடம்பைக் கழுவும்போது அவள் யாரையும் கிட்டே விடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த தொமாசாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

பிறகு சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. அதன் பெரிய சுவரில் அந்தப் போராட்டத்தை வரைய ஓவியர் லியாந்த்ரோ வந்தார். வேலைநிறுத்தம் நடந்தபோதே தொமாசா கடை மூலையில் உட்கார்ந்து எங்கள் ஆட்களைக் கரியால் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவர்தான் அவர்.

சுவரைத் திறந்து காட்டிய அன்று ஊரே போயிருந்தது. மனிதர்களின் கைகள் மண்வெட்டி அகலத்துக்கு இருந்தன. வாயெல்லாம் அலறல். படைக்காரர்களுக்கு முகமே கிடையாது. "நம்மள இவ்வளவு கோரமாவா வரையணும்?" என்று என் வீட்டுக்காரர் முனகினார். ஆனால் அந்த நாள் அப்படித்தான் இருந்தது.

நடுவில் ஒரு பெண் மடியில் ஒரு பிணம். பிணத்துக்கு இடது காது பாதிதான். மடி தொமாசாவுடையது. கன்னத்து மச்சம் உட்பட அவளேதான்.

பெத்ரோனிலா நேரே ஓவியர் முன்னால் போய் நின்றாள். "என் புருஷனை யாரைக் கேட்டு அவ மடியில போட்ட?"

"அம்மா, அது உங்க புருஷன் இல்லீங்க. செத்துப்போன தொழிலாளி அத்தனை பேரும்தான் அவரு."

"அத்தனை பேருக்கும் காது பாதிதான் இருந்துச்சா?"

கூட்டம் சிரித்துவிட்டது. தொமாசா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். ஓவியர் நல்ல மனுஷன். "அந்தப் பொண்ணு முகத்தை எடுத்துட்டு உங்க முகத்தை வரையட்டுமா?" என்றார்.

"முகம்தானே மாறும்? மடி அவளோடதுதானே! அவரை எடு அங்கேருந்து."

ஈரச் சுண்ணாம்பில் ஊறிய வண்ணத்தை அழிக்க முடியாது. கொத்தித்தான் எடுக்க வேண்டும். சங்கத்தார் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் சுவருக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் உளி ஏறியது. எலிசியோவின் முகம் பொடிப்பொடியாக அவள் பாவாடையில் விழுந்தது. ஓவியர் புதுச் சுண்ணாம்பு பூசி, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை வரைந்து மூடினார். பெத்ரோனிலா பாவாடையை உதறிக்கொண்டு ராணி மாதிரி வீட்டுக்கு நடந்தாள்.

நவம்பர் வந்தது. செத்தவர்கள் வீடு திரும்பும் நாள். வீட்டுக்கு வீடு பீடம் வைத்து, போனவரின் படத்தையும் பிடித்த சாப்பாட்டையும் வைத்து, அவர்களுக்கு வழி தெரியத் தெருவிலிருந்து வாசல்வரை சாமந்தி இதழ் தூவினோம். பெத்ரோனிலாவிடம் படம் கிடையாது. எலிசியோ எந்தக் காலத்திலும் புகைப்படம் எடுத்துக்கொண்டதில்லை. பீடத்தில் அவன் தொப்பியை வைத்திருந்தாள்.

"அக்கா, அவர் மூக்கு எப்படி இருக்கும்? கண்ணை மூடினா காது மட்டும்தான் வருது" என்றாள் என்னிடம். அப்போதுதான் முதல்முறையாக அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சோளமாவு வாங்கத் தொமாசா கடைக்குப் போனோம். கடையும் வீடும் அவளுக்கு ஒன்றுதான். உள்ளே பீடம். அதன் நடுவில், கரியால் வரைந்த எலிசியோ. தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏதுடி இது?" என்றாள் பெத்ரோனிலா.

"சுவர் வேலை முடிஞ்சதும் ஓவியர் இதை அடுப்புல போடப் போனாரு. கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"குடு."

"தரமாட்டேன். நாளைக்கு இதையும் கிழிச்சுப் போடுவ."

"உனக்கும் அவருக்கும் என்ன இருந்துச்சு? இன்னிக்குச் சொல்லிடு."

தொமாசா மெழுகுவர்த்தியைச் சரிசெய்தாள். "ஒண்ணும் இல்ல. சாப்பிடுவாரு, உன்னைப் பத்திப் பேசுவாரு, போயிடுவாரு. ஏதாவது இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

அடிதடிதான் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். பெத்ரோனிலா வெளியே போனாள். போன வேகத்தில் திரும்பினாள். ஒரு கையில் மிளகாய்க் குழம்புச் சட்டி, மறு கையில் தொப்பி. பீடத்தில் இருந்த தொமாசாவின் கஞ்சிக் குவளையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சட்டியைப் படத்துக்கு நேராக வைத்தாள்.

"முகம் இருக்கிற இடத்துக்குத்தான் வருவாரு. வரட்டும். முதல்ல என் குழம்பு. மிச்சம் இருந்தா உன் கஞ்சி."

நான் தொப்பியைப் பீடத்தில் வைக்கக் கை நீட்டினேன். என்னைத் தடுத்து, அவளே அதைப் படத்தின் மூலையில் சாய்த்து மாட்டினாள். அந்தப் பாதிக் காது மறைந்துபோனது.

"இந்தக் காதையாவது எனக்கு விடுடி" என்றாள்.

இன்றுவரை வருஷா வருஷம் சட்டியும் தொப்பியுமாகத் தொமாசா வீட்டுக்குத்தான் போகிறாள். தன் வாசலில் தூவ வேண்டிய சாமந்தியை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாள். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போகிறாள்.