பாட்டுக்காரிக்கு ஒரு வெள்ளைக் கொடி

பக்கத்து வீட்டு இராஜசிங்கம் ஐயா மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். ஐம்பது தாண்டியும் கல்யாணமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தங்கை உண்டு. அவள் இங்கே வந்து நான் பார்த்ததில்லை. ஐயா உக்குவளையில் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, வந்து எத்தனையோ வருடமாகிறது. அவர் யார் வீட்டுக்கும் போகமாட்டார், அவர் வீட்டுக்கும் யாரும் போவதில்லை. வேலை விட்டு வந்ததும் அவர் வீட்டிலிருந்து பாடகி வாகினியின் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். சோறு வெந்தாலும் வேகாவிட்டாலும் வாகினி பாடியாக வேண்டும். "ஐயாட பெண்சாதி பாடுறா" என்று என் புருஷன் இத்ரூஸ் பகிடி பண்ணுவார். வேலிக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்கும். ஐயா சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார்.

அந்த வாகினியைத்தான் போன மாதம் கொன்றுவிட்டார்கள். கொழும்பில் கச்சேரி முடிந்து காரில் ஏறப் போனவளை, பூச்செண்டோடு நின்ற ஒருவன் கத்தியால் குத்தினான். பைத்தியம் பிடித்த ரசிகனாம். கல்யாணம் ஆகாதவன், தனியாக இருந்தவன், சுவரெல்லாம் அவள் படம் என்று போனில் செய்தி வந்தது. பிறகென்ன, ஊர் வாய்க்கு வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகாமல் தனியாக இருக்கிற ரசிகர் இங்கேயும் ஒருத்தர் இருக்கிறாரே. அவர் கடைக்குப் போனால் அங்கே நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "நிப்லாவ அந்தப் பக்கம் விடாத" என்றார் இத்ரூஸ். பகிடி பண்ணிய அதே வாய்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் எங்கள் மகள் விஷயம், மறுத்துப் பேசவில்லை.

வாகினியை அடக்கம் செய்த அன்று காலையில் ஐயா வாசலில், சாவு விழுந்த வீட்டில் கட்டுகிற வெள்ளைக் கொடி தொங்கியது. தங்கைதான் போய்விட்டாள் என்று நினைத்தேன். மரண வீட்டில், எங்கள் பேச்சில் மையத்து வீட்டில், அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். சோறும் பருப்பும் ஆக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

"யாருங்க ஐயா?" என்றேன்.

"வாகினி" என்றார்.

சாப்பாட்டோடு அப்படியே நின்றேன். என் கண் முதலில் சுவருக்குத்தான் போனது. படம் ஒன்றும் இல்லை. மேசையில் ஒரு ரேடியோ, பக்கத்தில் ஒரே ஒரு கதிரை. அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

"அவங்கட கச்சேரிக்கெல்லாம் போவீங்களா?" என்று கேட்டேன். பொலிஸ்காரன் கேட்கிற மாதிரித்தான் இருந்தது.

"ஒரு நாளும் போனதில்ல தங்கச்சி. ஒருக்கா கண்டிக்கு வந்தாங்க. டிக்கட்டும் வாங்கினேன். தனியாப் போய் உக்கார ஒரு மாதிரி இருந்திச்சி. வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்ட வச்சிட்டுப் போங்க. பயந்துகிட்டு நிக்க வேணாம்" என்றார்.

சேர்ந்து பாட்டுக் கேட்க அவருக்கு ஒருத்தரும் இருக்கவில்லை. இப்போது சேர்ந்து அழவும் ஒருத்தரும் இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்தேன், கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அவர் சுவரோரமாகத் தரையில் இருந்தார்.

வேலிக்கு அப்பால் இத்ரூஸ் சத்தம் போட்டார். "ஸரீனா, அங்க என்ன வேல? வீட்டுக்கு வா."

"மையத்து வீட்டில இருக்கேன்" என்றேன். "வரச் சுணங்கும்."