வெட்டுக்கிளிக் கூட்டத்துப் பெண்

அந்த வருடம் எங்கள் மண் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். இரண்டு ஆண்கள், நான், உகாண்டாவிலிருந்து வந்த ஒரு பெண். வெளிநாட்டிலிருந்து ஒருவர் எங்களிடம் படிக்க வருவது அதுதான் முதல் தடவை. அவளை வரவேற்கும் பொறுப்பை இயக்குநர் என்னிடம் கொடுத்தார். நானே புதியவள். கழிப்பறை எங்கே என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் முதல் நாள் மதியம் வரை தவித்தவள். ஆனால் அவளைத் தவிர அங்கே இருந்த ஒரே பெண் நான்தான்.

"நல்லாப் பாத்துக்கம்மா," என்றார் இயக்குநர். "அவங்களுக்கு வடக்க இன்னொரு நிலையத்துலயும் இடம் கிடைச்சிருக்கு. அங்க அவங்க ஊர்க்காரங்க அஞ்சு பேர் இருக்காங்களாம். திங்கக்கிழமை முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. இங்கயே இருந்துட்டா உனக்கும் நல்லதுதானே?"

எனக்கு அது எவ்வளவு நல்லது என்பது அவருக்கும் தெரியும். ஒற்றைப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக் களத்துக்கு அனுப்புவதில்லை என்பது நிலையத்தின் வழக்கம். இரண்டு பெண்கள் என்றால் அனுப்பலாம். நான் எடுத்திருந்ததோ பவானி ஆற்றோரத்து வயல் மண். அவள் இருந்தால் நான் சத்தியமங்கலம் போய் என் குழியை நானே வெட்டலாம். அவள் போய்விட்டால் யாரோ தோண்டிக் கொண்டுவரும் மண்ணை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து சலித்தே என் படிப்பு முடியும்.

வீட்டில் எனக்குப் பத்து மாதப் பெண் குழந்தை. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் காங்கேயம் பக்கத்திலிருந்து மாமியார் வந்து எங்களோடு இருந்தார். இத்தனை பேர் எனக்காக ஏற்பாடு செய்திருக்க, நான் மண் சலிக்கப் போகிறேனா? இந்தக் கேள்வியோடுதான் வரவேற்புக்குச் சந்தனம் கரைத்தேன். நீர் அதிகமாகிவிட்டது. மறுபடியும் கரைத்தேன்.

வரவேற்பு பிரமாதமாக நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் நெடுநெடுவென்று உயரம். தோளில் கூம்பு போலத் தூக்கி நிற்கும் கைகள் வைத்த மஞ்சள் உடை, இடுப்பில் அகலப் பட்டை. அவளுக்கு மாலை போட்டோம். பன்னீர் தெளித்தோம். மேடைக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் "வாங்க" என்றார்கள், "உட்காருங்க" என்றார்கள், "சாப்பிடுங்க" என்றார்கள், "இன்னும் ஒண்ணு வச்சுக்குங்க" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று எங்கள் ஊர் மரியாதைக்குத் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிட்டார்கள். ஜீப் ஓட்டும் அண்ணன் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான்கு அடி தள்ளிப் போய்க் கைகட்டி நின்றார். அவள் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?"

"ஐயோ, இல்லையே. ஏன்?"

"என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நான் உட்கார்ந்ததும் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வந்த அதிகாரியை இப்படித்தான் நடத்துவோம்."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மாமியாரின் நினைவு வந்தது.

"அத்தே, அவங்ககிட்ட எதுவும் கேட்றாதீங்க," என்றேன் சனிக்கிழமை.

"எதுவும்னா?"

"வயசு, சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு… முக்கியமா, என்ன கூட்டம்னு."

"ஏனம்மணி, உகாண்டாக்காரிகிட்டப் போயி ஆராச்சும் கூட்டம் கேப்பாங்களா? நா என்ன அவ்வளவு கிறுக்கியா?"

எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறை. அவர்களைக் கேலி பேசலாம், வம்புக்கு இழுக்கலாம். மாமியார் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் இதைத்தான் முதலில் கேட்பார். முறை தெரியாமல் ஓர் ஆளிடம் எப்படிப் பேசுவது என்பது அவர் கட்சி. கல்லூரியில் படித்த எனக்கோ அது முன்பின் தெரியாதவரின் சாதியைத் துருவுகிற கேள்வி; அவர் அதைக் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை டவுன் பஸ்ஸில் அழைத்து வந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் அந்தச் சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிட்டாள்.

"ஐயோ, புள்ள உழுந்துபோச்சு! டேய், தண்ணி கொண்டாடா!"

என் கணவர் சொம்புடன் ஓடி வந்தார். முகத்தில் தெளிப்பதா, குடிக்கக் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார். மாமியார் ஒரு கையால் அவளைத் தூக்கி நிறுத்த, வணக்கம் இன்னும் முடியவில்லை என்று அவள் மறுபடியும் மண்டியிட்டாள். மாமியார் மறுபடியும் தூக்கினார். பெரியவர்களைக் கண்டால் அவர்கள் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் வணங்குவார்கள் என்று அவளிடம் கேட்டுச் சொன்னேன்.

"பெரியவங்களப் பாத்தா மண்டி போடுவாங்களா?" மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கல்யாணத்தன்னிக்குக் கால்ல உழுந்தது. அப்பறம் எங்க உழுந்தே?"

அரிசியும் பருப்பும் சாதம், கோழிக் குழம்பு. அவள் நன்றாகச் சாப்பிட்டாள். மாமியார் வாயே திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் படும் பாடு அவர் முகத்திலேயே தெரிந்தது. மோர் ஊற்றும்போது தாங்க முடியாமல் போயிற்று.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் கண்ணு. தப்பா நெனைக்கப்படாது. உங்க ஊர்ல எல்லாம் கூட்டம் கீட்டம்னு உண்டா? நீ என்ன கூட்டம்?"

"என்ன கேட்கிறார்?" என்றாள் அவள்.

"இன்னும் சாதம் வேண்டுமா என்கிறார்."

"அதற்கு ஏன் உங்கள் முகம் இப்படி வெளிறுகிறது?"

வேறு வழியில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இது பழைய காலத்துக் கேள்வி, பதில் சொல்ல வேண்டியதே இல்லை என்று முன்னுரையெல்லாம் சொல்லி, மொழிபெயர்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இங்கே வந்ததிலிருந்து இதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

அவளுடைய சனத்தில் வணக்கத்துக்குப் பிறகு வரும் முதல் கேள்வியே அதுதானாம். நிமிர்ந்து உட்கார்ந்து அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று ஒப்பித்தாள். அவள் வெட்டுக்கிளிக் குலம். தன் குலத்தில் கல்யாணம் செய்யக் கூடாது. மழைக்காலத்தில் ஊரே வெட்டுக்கிளியை வறுத்துச் சாப்பிடும். அவர்கள் மட்டும் தொடக் கூடாது.

"பாத்தியா!" மாமியார் என் தொடையில் அறைந்தார். "நாங்க காடைக் கூட்டம்னு சொல்லு. காடைய நாங்க திங்கமாட்டோம்னு சொல்லு!"

என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "காடை வெட்டுக்கிளியத் திங்குமேம்மா."

"விருந்துக்கு வந்த புள்ளகிட்டப் பேசற பேச்சாடா இது?"

இதை மொழிபெயர்க்கலாமா கூடாதா என்று நான் யோசித்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு அழுதாள். பிறகு எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

மாமியார் விரல் விட்டு முறை போட்டார். "காடை வேற, வெட்டுக்கிளி வேற. அப்ப நா இவளுக்கு அத்தை. நீ இவளுக்குத் தங்கச்சி, இவ புள்ளைக்குப் பெரியம்மா." பிறகு மகனைப் பார்த்தார். "இவனுக்குக் கொழுந்தியா."

என் கணவர் தயிர் வாங்கிவருவதாகச் சொல்லி எழுந்தார். வீட்டில் தயிர் நிறைய இருந்தது.

"எங்க ஓடறே? ஏங் கண்ணு, இவன ரெண்டாந்தாரமாக் கட்டிக்கறியா? இவ மண்ணு நோண்டப் போயிட்டா ஊட்டு வேலைக்கு ஆளில்ல."

அவள் என் கணவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் மாடு தர வேண்டும். எத்தனை மாடு தருவீர்கள்?"

"நாங்க குடுக்கோணுமா! ஒரு காங்கேயம் மாடு தாரேன். கொம்பப் பாத்தே மயங்கிப் போயிருவே."

"இந்த மாப்பிள்ளைக்கா? பத்துக்குக் குறைந்து முடியாது."

"பத்தா! அப்ப இவளே இருந்துட்டுப் போவட்டும்." மாமியார் என்னைக் காட்டினார். சாயங்காலம் வரை பேரம் நடந்தது. மொழிபெயர்த்து மொழிபெயர்த்து என் தொண்டை கட்டிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்று உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நிலையத்தின் படியேறும்போது உறைத்தது. ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?"

அவர் சூலூர்ப் பக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம். நான் ஓடினேன். ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். அவர் துடைப்பதை நிறுத்தியிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் துணியின் மேலேயே இருந்தது.

"எங்ககிட்ட ஆருங்க அதக் கேப்பாங்க? எந்தத் தெருன்னுதான் கேப்பாங்க. அதுலயே அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பூசி மெழுகிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் சொன்னதையும், அதன் பொருளையும், இந்தக் கேள்வி யாருக்கு விருந்து, யாருக்கு முள் என்பதையும் முழுதாகச் சொன்னேன். அவள் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அவரிடம் சொல்லுங்கள். எங்களிடம் வந்து இருக்கிறவருக்கு எங்கள் குலத்தையே கொடுத்துவிடுவோம். அவருக்குச் சம்மதம் என்றால் அவரும் வெட்டுக்கிளி. எனக்குத் தம்பி."

அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "வெட்டுக்கிளி மட்டும்தானுங்களே திங்கக் கூடாது? பிரியாணிக்கு ஒண்ணும் தடையில்லீங்களே?"

"இல்லை."

"அப்பச் சரிங்கக்கா." பிறகு என் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். "அப்ப உங்க ஊட்டுக்காரரு எனக்கு மச்சானுங்களா?"

எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஜீப்பைச் சுற்றி நிற்பதுபோல எனக்குத் தோன்றியது.

"ஆமாங்கண்ணா," என்றேன். "மச்சான்தான்."

"ஸ்கூட்டர்ல போறப்ப கை காட்டாமத் திரும்பறாருங்க. மச்சான்கிட்டச் சொல்லி வைங்க."

இதைக் கணவரிடம் அன்றே சொன்னேன். அவர் சிரித்தார். மாமியாரிடம் சொல்லலாமா என்று நாட்கணக்கில் யோசித்தேன்.

அன்று காலை ஜீப்பிலிருந்து நேராக அவள் இயக்குநர் அறைக்குள் போனாள். நான் வெளியே நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்."

"நிஜமாகவா? வடக்கே உங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் இருக்கிறார்களே?"

"ஐந்து பேரும் ஆண்கள். அங்கே போனால் ஐந்து பேருக்கும் நான் சமைக்க வேண்டும். இங்கே உங்கள் மாமியார் எனக்குச் சமைக்கிறார்."

நடைக்கூடத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு நான் குதித்தேன். அவளும் குதித்தாள். அவள் குதித்தது கீழே அலுவலகம் வரை கேட்டிருக்கும்.

"வியாழக்கிழமை ரெண்டு பேரும் சத்தியமங்கலம் போயிட்டு வாங்க," என்றார் அறையிலிருந்து வெளியே வந்த இயக்குநர். அப்போதுதான் எனக்குக் குழந்தையின் நினைவு வந்தது. இனிச் சாக்கு ஏதும் இல்லை. முழு நாளும் குழந்தையை விட்டுப் போக வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் செய்தேனா?

வியாழக்கிழமை அன்னூர் தாண்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று மூன்று தடவை சொன்னேன். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது, காய்ச்சலாக இருக்குமோ என்றேன். புளியம்பட்டியில் அண்ணன் எஸ்.டி.டி. பூத் முன்னால் தானே வண்டியை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மாமியாரைக் கூப்பிடச் சொன்னேன்.

"பால் குடிச்சுப்போட்டு நல்லாத் தூங்குறா. நீ மண்ணு நோண்டப் போனியா, போன் பேசப் போனியா? போன வெய்யி!"

ஆற்றோர வயலில் குழி வெட்டினோம். மேலே பழுப்பு மண், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே மணல். ஒவ்வொரு அடுக்கையும் கையில் நசுக்கி, நீர் விட்டுத் திரித்து, நிறம் பார்த்தோம். இடுப்பளவு பள்ளத்தில் நின்று, மணலுக்குள் ஒரு செம்மண் கீற்றைக் கண்டு கத்தினேன். அவள் எட்டிப் பார்த்து அவளும் கத்தினாள். வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார்.

அப்போது பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. திடுக்கிட்டேன். குழியில் இறங்கியதிலிருந்து குழந்தையை நினைக்கவே இல்லை.

"நான் அவளை மறந்துவிட்டேன்," என்றேன் அவளிடம். "என்ன மாதிரித் தாய் நான்? முழுசாக மறந்துவிட்டேன்!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள், அந்த ஓரம் இடிந்து மண்ணோடு சேர்ந்து என் மேலேயே சரிந்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, குழந்தைக்கு மூக்கு ஒழுகுவது நின்றிருக்குமா என்றும் யோசித்தேன்.