கொட்டுவதற்கு ஒரு சமதளம்

“ஏனுங்க அம்மிணி, ஸ்டியரிங்கையே தொட்டதில்ல, நீங்க டிப்பர் பாத்துச் சொல்லப் போறீங்களாக்கும்?”

எங்கள் பிக்கப் டிரைவர் ராஜண்ணன் இதைக் கேட்டபோது வண்டி மேல் ஏறி நின்று கேரட் மூட்டைகளுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “தொட்டதில்லண்ணா. அதனாலதான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டுச் சொல்லப் போறேன்” என்றேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

எமரால்டு பக்கத்தில் ஒரு தனியார் பண்ணையில் நான் சூப்பர்வைசர். பதினெட்டு ஏக்கர். மேலே ரோட்டை ஒட்டித் தேயிலை, அதற்குக் கீழே படிப்படியாகக் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. ஓரத்தில் வாடகைக்கு விடும் இரண்டு காட்டேஜ். கீழ் கோத்தகிரியில் அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் வேளாண் பொறியியல் டிப்ளமோவும் முடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. இந்த வேலைக்கு வரப்போகும் பெண்கள் இதைப் படித்தால், நீங்களும் கூச்சப்படாதீர்கள்.

பண்ணையின் உரிமையாளர் கோயம்புத்தூர்க்காரர். மாதத்தில் இரண்டு முறை வருவார். நாங்கள் சார் என்போம். ஒருமுறை வந்தபோது போனில் ஒரு சின்ன டிப்பர் வண்டியின் வீடியோவைக் காட்டினார். “லிவரத் தட்டுனா தானாக் கொட்டிருது பாருங்க. நம்ம பண்ணைக்கு ஒத்து வருமா? நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க.” முடிவெடுக்கும் வேலை என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அதே நாளில்தான் புஷ்பம் அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பதினைந்து வருடமாக இங்கே வேலை செய்கிறவர். இனித் தலைச்சுமை தூக்கவே கூடாது என்று ஊட்டி டாக்டர் சொல்லிவிட்டார். சார் கடுமையான மனிதர் இல்லை. ஆனால் சொன்னது இதுதான்: “எரு சீசன் பூரா தலைச்சுமைதானுங்களே. சுமக்காம நான் என்ன வேலையக் குடுக்கறது?”

சார் என் பக்கம் திரும்பி, “டிப்பர் வந்தா இதுல ஏதாவது மாறுமான்னு சேத்துப் பாருங்க” என்றார். வண்டி வேண்டுமா என்ற கேள்வியோடு, புஷ்பம் அக்காவுக்கு வேலை உண்டா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

1. எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக் கூடாது

முதலில் வண்டியைப் பார்க்கவில்லை. ஒரு வாரம், பண்ணைக்குள் எதெல்லாம் இடம் மாறுகிறது, யார் தூக்குகிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். நான் நினைத்ததற்கும் நோட்டில் இருந்ததற்கும் நிறைய வித்தியாசம்.

கொழுந்துக்கு டிப்பர் தேவையே இல்லை. மொத்தமாகக் குவித்தால் அடிக்கொழுந்து அமுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும்; ஃபாக்டரியில் திருப்பி அனுப்புவார்கள். சாக்கில் தளர்வாகக் கட்டி ரோட்டோரம் வைத்தால் ஃபாக்டரி வண்டியே வந்து எடுத்துக்கொள்ளும். கேரட்டும் மூட்டையாகத்தான் கழுவும் இடத்துக்குப் போகிறது. அதை ஏன் டிப்பரில் கொண்டுபோகக் கூடாது என்று ராஜண்ணனிடம் கேட்டேன்.

“கொண்டு போலாமுங்க. அங்க போயி ஜாக்கி போட்டுப் பெட்டியத் தூக்கிக் கொட்டுனா, கழுவற வேலையே இல்ல. நேரா ஜூஸ் போட்டுக் குடிச்சுக்கலாம்.”

மிச்சம் இருந்தவை நான்கு: எரு, மழைக்குச் சரிந்து பாதையை மூடும் மண், காட்டேஜ் பாதைக்கான ஜல்லி, தடுப்புச் சுவருக்கான கல். கொட்டக்கூடிய பொருள் இவ்வளவுதான். ஆனால் பெண்களின் கழுத்தை உடைப்பதும் இவைதான், முக்கியமாக எரு.

2. மறுபடி அள்ளுவது யார்?

எங்களுக்கு எரு கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து லாரியில் மூட்டையாக வரும். லாரி நிற்க இடம் இருப்பது எங்கள் கேட்டுக்குக் கீழே இருக்கும் ரோட்டு வளைவில் மட்டும். அங்கிருந்து கேட்டுக்குச் செங்குத்தான ஏற்றம். கேட்டிலிருந்து கேரட் பாத்திகளுக்கு நீண்ட இறக்கம். பெண்கள் ஆளுக்கு ஒரு மூட்டையைத் தலையில் வைத்து ஏறி, அப்புறம் இறங்குவார்கள்.

டிப்பர் என்றதும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து, டீ நேரத்தில் போய்ச் சொன்னேன். புஷ்பம் அக்கா டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:

“வண்டி வரும், ரோட்டுல கொட்டிப்புட்டுப் போயிரும். மறுபடி அள்ளிச் சாக்குல போடுறது யாரு புள்ள? ஒங்கப்பாவா?”

“அவர் கவாத்துக்குப் போயிட்டாருக்கா.”

“அப்ப நீதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி. மூட்டை என்றால் வந்ததும் அப்படியே தலைக்கு ஏறும். கேட்டில் டிப்பர் கொட்டினால், அள்ளிக் கட்டும் வேலைதான் கூடும், பாத்தி வரைக்குமான சுமை குறையாது. டிப்பரால் பலன் வேண்டுமென்றால் அது பாத்தி வரைக்கும் இறங்கிப் போய், எரு போடும் இடத்திலேயே கொட்ட வேண்டும். கம்பெனி வீடியோவில் இதை யாரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே டேப்பை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். மிகக் குறுகலான இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்; அங்கே ஏழடி. வண்டியின் அகலம் ஐந்தரை அடிக்குள். இரண்டு வளைவுகளையும் ராஜண்ணன் பார்த்து, “ஒரு ரிவர்ஸ் போட்டா திரும்பீரும்” என்றார். எனக்கு ஒரே குஷி. அகலத்தை அளந்தேன், வளைவை அளந்தேன். தரை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும் அளக்கவில்லை.

3. ட்ரையல்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருநாள் ட்ரையலுக்கு வண்டி வந்தது. கூட வந்த ஏஜென்சிக்காரர் ராஜண்ணனுக்கு ரோட்டிலேயே இரண்டு தடவை ஜாக்கியைத் தூக்கி இறக்கிக் காட்டிவிட்டு, டீ குடிக்கக் காட்டேஜ் பக்கம் போனார். காலையிலிருந்து சாரல். ரோட்டு வளைவில் கிடந்த எரு மூட்டைகளை அவிழ்த்து, பெண்கள் டிப்பரில் கொட்ட ஆரம்பித்தார்கள்.

மலையில் வண்டிக்கு லோடு ஏற்ற ஒரு முறை உண்டு. பாரத்தைக் கேபினை ஒட்டி முன்னால் போடுவோம். பின்னால் பாரம் கூடினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. தோட்டத்து லயம் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. சத்தமாகவே சொன்னேன்: “முன்னாடி தள்ளிப் போடுங்கக்கா, ஏத்தம் இருக்கு!”

“அட, அம்மிணிக்கு லோடு போடத் தெரியுதே!” என்றார் ராஜண்ணன். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வண்டி ஏற்றத்தில் அழகாக ஏறியது. தொட்டிப் பக்கம் உரசாமல் போனது. கடைசிப் பாத்திக்கு மேல் பாதை முடியும் இடத்தில் ராஜண்ணன் ரிவர்ஸில் நிறுத்தினார். அங்கே தரை வலப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். நடக்கிறவருக்கு அது தெரியாது.

ஜாக்கி எழும்பியது. பின்னால் இருந்த கொஞ்சம் எரு சரிந்து விழுந்தது. முன்னால் அழுத்திப் போட்டது மட்டும் ஈரத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டி உயர உயர அந்தக் கட்டியும் உயரத்துக்குப் போனது.

“மேல ஒட்டிக்கிட்டிருக்கு!” என்று கத்திய புஷ்பம் அக்கா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனார். பிக்கப்பில் எரு ஒட்டினால் நாங்கள் எப்போதும் அப்படித்தான் குத்தி இறக்குவோம். அந்த நேரத்தில் எனக்கு இடப்பக்கப் பின்சக்கரம் கண்ணில் பட்டது. தரைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி; வண்டி அக்கா பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் அக்காவின் ஸ்வெட்டரைக் கழுத்தோரம் பிடித்து இழுத்தேன். இருவரும் கேரட் பாத்தியில் விழுந்தோம். “எறக்குங்கண்ணா, எறக்குங்க!” என்று நான் கத்துவதற்கு முன்பே ராஜண்ணன் லிவரைத் தள்ளியிருந்தார். பெட்டி மெதுவாக இறங்கியது. சக்கரம் தரையில் உட்கார்ந்தது.

ராஜண்ணன் இறங்கி வந்தார். “ஏறறதுக்கு லோடு போட்டோம் அம்மிணி. கொட்டறதுக்குப் போடல.”

ஏஜென்சிக்காரர் ஓடி வந்தார், கையில் பன்னோடு. “யாருங்க இப்படி முன்னாடி ஏத்தச் சொன்னது?”

“நான்தாங்க” என்றேன். புஷ்பம் அக்கா சேற்றைத் தட்டிக்கொண்டே எழுந்து, “தலையில சுமை வைக்காதன்னு டாக்டரு சொன்னாரு. கழுத்தப் புடிச்சு இழுக்காதன்னு சொல்ல மறந்துட்டாரு” என்றார். அப்புறம்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

4. பாட்டில்

வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. தப்பு வண்டியிலா, லோடிலா, தரையிலா என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. வண்டி சாயங்காலம் வரைக்கும் எங்களுடையதுதான்.

ஒட்டியிருந்த எருவைக் கையால் வழித்தோம். ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி மூடி, பலகை மேல் படுக்க வைத்தேன். உள்ளே தண்ணீர் இரு முனையிலும் ஒரே உயரத்தில் நின்றால் அந்தப் பக்கம் சமம். பலகையை நீளவாக்கிலும் குறுக்காகவும் போட்டுப் பாதை முழுக்கப் பார்த்தோம். தேறியது ஒரே இடம், தொட்டிக்குக் கொஞ்சம் கீழே. அங்கே கொட்டினால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பவை மூன்று பாத்திகள் மட்டும்தான்.

இந்த முறை பாதி லோடுதான். அடியில் காய்ந்த வைக்கோல். எருவைப் பெட்டி முழுக்கப் பரவலாகப் போட்டோம். பாரம் குறைவானதால் ஏற்றத்தில் ஸ்டியரிங்கும் அடங்கியே இருந்தது. சக்கரத்துக்கு அடியில் கல். பெட்டி தூக்கும்போது பக்கவாட்டில் யாரும் நிற்கவில்லை. லிவரைத் தள்ளியதும் மொத்த எருவும் வைக்கோலோடு ஒரே வழுக்கலில் இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். புஷ்பம் அக்கா எரு இழுக்கும் முள்கொத்தை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே பக்கத்துப் பாத்திக்கு எருவை இழுத்துவிட்டார். தலையில் எதுவும் வைக்கவில்லை. அதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5. சாருக்குச் சொன்ன பதில்

சார் அடுத்த முறை வந்தபோது, ராஜண்ணனையும் கூட வைத்துக்கொண்டு கேட்டார்: “ஒத்து வருமா, வராதா?”

“வண்டி ஒத்து வருங்க சார். நம்ம நிலம்தான் இன்னும் வண்டிக்கு ஒத்து வரல.”

சக்கரம் எழும்பியதையும் முன்னால் ஏற்றச் சொன்னது நான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிக்கப்பை விற்றுவிட்டு இது ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா என்பது அவருடைய ஆசை. முடியாது என்றேன். கேரட்டுக்குப் பிக்கப்தான் வேண்டும்.

“அப்ப ஜேசிபி விட்டு நாலு எடத்தச் சமம் பண்ணீட்டாப் போச்சு.”

“அனுமதி இல்லாம இங்க ஜேசிபி எறக்க முடியாதுங்க சார். பெருசா வெட்டுனா மழைக்கு மண்ணும் சரியும். மூணு எடம் போதும். கையாலேயே வெட்டிக் கல்லுக் கட்டிரலாம். இந்த சீசனுக்கு டிப்பர வாடகைக்கு எடுப்போம். மழை தாண்டியும் அந்த எடம் நிக்குதான்னு பாத்துட்டு வாங்கலாம்.”

அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் விடவில்லை. “இன்னொண்ணுங்க சார். பெட்டியத் தூக்கறப்ப டிரைவருக்குப் பின்னாடி தெரியாது. வெளிய நின்னு, சாய்வு பாத்து, சைகை காட்ட ஒரு ஆள் கட்டாயம் வேணும். அன்னைக்கு லோடு ஒட்டியிருந்தத மொதல்ல பாத்தது புஷ்பம் அக்காதான். சைகை காட்டறது, அப்பறம் எருவப் பரப்பறது. தலைச்சுமை இல்ல.”

சார் ராஜண்ணனைப் பார்த்தார். “அந்த ஆள் இல்லாம நான் லிவரத் தொட மாட்டனுங்க” என்றார் ராஜண்ணன்.

“சரி. எரு சீசனுக்கு அவங்க பேரையும் போட்டுக்குங்க.”

சின்ன டிப்பர் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் வண்டியின் வேகத்தைப் பற்றியோ பாரத்தைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. கொட்டுகிற பொருள் உங்களிடம் உண்டா, அது போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே வண்டி சமமாக நிற்க முடியுமா என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் சுமக்கிறவர்களிடம் இருக்கும். அவர்களிடம் கேட்டுவிட்டு, தெரிந்ததாக நினைப்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு தெரியாமல் செய்ததல்ல. நன்றாகத் தெரியும் என்று நினைத்துச் செய்தது.

நேற்றுக் காலை முதல் சமதளத்துக்கு நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினேன். புஷ்பம் அக்கா சுற்றி வந்து பார்த்துவிட்டு, மழை நாளில் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும் என்றார். குச்சிகளைப் பிடுங்கி இரண்டடி மேலே தள்ளி அடித்து, வடிகாலுக்குத் தனியாக ஒரு நூல் இழுத்தேன். வடிகாலை முதலில் வெட்டுகிறோம். இன்று மத்தியானத்துக்குள் பத்தடி வெட்டியாகிவிட்டது.